நேரே போனால் நேரம் போகும்

வேலணையிலிருந்து வாணர் தாம்போதியால் கடலைக் கடந்து புங்குடுதீவில் ஏறினால் மடத்துவெளி. அந்தப் பெயரில் உள்ள வெளி சும்மா ஒட்டிக்கொண்டதல்ல. யாழ்ப்பாணத்துத் தீவகம் எங்கும் இப்படித்தான். ஒரு குறிச்சியும் அடுத்த குறிச்சியும் ஒட்டிக்கொள்ளாது. இடையில் ஒரு வயலோ தரவையோ கிடக்கும். தரவையைப் பார்த்திராதவர்களுக்காக: மாரியில் நீர் தேங்கும், கோடையில் வெடிக்கும், உப்புக் கசியும், உழவுக்கு உதவாது என்று மாடு மேய விட்ட புல்வெளி அது. அங்கங்கே ஒரு பற்றை, ஓரத்தில் பனை.

அந்தத் தரவையில் ஒரு புதிர் உண்டு. வேலி கிடையாது, மதில் கிடையாது, ஏற்ற இறக்கம் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. அக்கரையில் நிற்கிற பனை இக்கரையிலிருந்தே தெரியும். எந்தப் பக்கத்தாலும் குறுக்கறுக்கலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை. இருந்தும் சைக்கிளில் போகிற எல்லோரும் ஒரே தடத்தால் போவார்கள். அந்தத் தடமும் நேராக இருக்காது. பனையை நோக்கிப் போகாமல் கொஞ்சத் தூரம் வேறெங்கோ போய், திடீரென்று நினைவு வந்ததுபோல் திரும்பும்.

சிறு வயதில் அப்புவின் சைக்கிள் பாரில் குந்தியிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். "ஏன் அப்பு, பனை அங்க நிக்குது, நீங்கள் இஞ்சால போறியள்?"

"நேரை போனா நேரம் போகும், மோனை."

சின்னப் பிள்ளையின் வாயை அடைக்கச் சொன்ன பதில் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் புத்தகத்தைத் திறந்தபோது அதே பதில் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றது.

சக்கரத்துக்குக் கீழே ஒரு நெருப்புப்பெட்டி

முதலில் சைக்கிள் நிலத்தை எப்படித் தொடுகிறது என்று பார்ப்போம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஏறத்தாழ 50 கிலோ பின்சக்கரத்தில் இறங்கும். ரயருக்குள் அடித்திருக்கிற காற்று, சதுர சென்ரிமீற்றருக்கு மூன்றரைக் கிலோ வீதம் தள்ளுகிறது என்று எடுப்போம். அப்படியானால் 50 கிலோவைத் தாங்க 14 சதுர சென்ரிமீற்றர் போதும். அது ஒரு நெருப்புப்பெட்டியின் முகத்தைவிடக் கொஞ்சம் சிறிது. முழு மனிதரும் அவருடைய சாமானும் அந்த இத்தனூண்டு இடத்தில் நிற்கிறார்கள்.

நடக்கிறவரின் பாதம் 150, 170 சதுர சென்ரிமீற்றர் வரும். 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றாலும் சதுர சென்ரிமீற்றருக்கு மூன்றில் ஒரு கிலோதான். சைக்கிள் ரயர் நிலத்தை அமுக்குவது இதைப்போல் பத்து மடங்கு. இறுகிய நிலத்தில் இந்த வேறுபாடு தெரியாது. தீவகத்தின் அடியில் கிடக்கும் சுண்ணக்கல் மேலே தலைகாட்டுகிற இடங்களில் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். பொருமிய மணலுக்கு வந்தால்தான் சங்கதி. அங்கே சக்கரம் புதைந்து தனக்கு முன்னால் ஒரு சின்ன மேட்டைக் கட்டிக்கொள்ளும். அந்த மேட்டில் ஏற வேண்டும். ஏறி முடிவதற்குள் அடுத்த மேடு தயார். தரை சமதரைதான்; உழக்குகிற காலுக்கு அது மலை.

உருளும் சக்கரத்தை நிலம் இப்படிப் பிடித்து வைப்பதை உருள்தடை என்று சொல்வோம். ஈர மணல், உலர்ந்த மணல், உப்புப் பொருக்குப் படிந்த களி, வெடித்த களி, புல் மூடிய களி என்று ஒரே தரவைக்குள்ளேயே உருள்தடை பலவிதம். கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிவது சக்கரத்துக்குப் பல நாடுகள்.

மணலில் உருள்தடையைக் குறைக்க ஊர்ப் பொடியன்களுக்கு ஒரு வழி தெரியும்: காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவது. காற்றைப் பாதியாக்கினால் ஒரு நெருப்புப்பெட்டி இரண்டாகும், அமுக்கம் பாதியாகும், புதைவது குறையும். 1970களில் கலிபோர்னியாவின் தமால்பைஸ் மலையில் சில இளைஞர்கள் பழைய தடித்த ரயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மண்பாதைகளில் உருட்டிவிட்டதும் இதே நியாயத்தில்தான். மலைச் சைக்கிள் என்று இன்று உலகமெங்கும் விற்கிற வண்டி அதிலிருந்து வந்தது. அங்கே ஓர் இறக்கத்துக்கு 'ரீபாக்' என்று பெயர். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் பிறேக்கின் கிறீஸ் கருகிப்போகும்; திரும்ப அடைக்க வேண்டும்; அதனால் அந்தப் பெயர். எங்கள் தரவையில் பிறேக்குக்கு இப்படியொரு சோதனை வந்ததே இல்லை. மெல்லிய ரயர் பூட்டிய உயரமான சைக்கிள்தான் எங்களுடைய வண்டி. வண்டியை மாற்ற வசதியில்லாதவர்கள் வழியை மாற்றினார்கள்.

ஒரு தரவை, ஒரு கணக்கு

எண்கள் இலகுவாக வரும்படி ஒரு தரவையை நாமே செய்துகொள்வோம். மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு வடக்கே 300 மீற்றர் அகலத்துக்கு இறுகிய நிலம். தெற்கே 300 மீற்றர் அகலத்துக்கு மணல். புறப்படும் வீடு இறுகிய நிலத்தின் வட ஓரத்தில் இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய பனை மணலின் தென் ஓரத்தில் நிற்கிறது. ஆனால் வீட்டுக்கு நேர் எதிரே அல்ல. 600 மீற்றர் கிழக்கே தள்ளி.

இறுகிய நிலத்தில் மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடலாம். நிமிடத்துக்கு 250 மீற்றர். மணலில் மூன்றில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 83 மீற்றர் சொச்சம்.

முதலில் பனையைப் பார்த்து நேரே விடுவோம். எல்லைக் கோட்டை நடுவில், அதாவது 300 மீற்றர் கிழக்கே வந்தபிறகு, வெட்டுவோம். இறுகிய நிலத்தில் 424 மீற்றர், மணலிலும் 424 மீற்றர். முன்பாதிக்கு 1.7 நிமிடம்; பின்பாதிக்கு 5.1 நிமிடம். கூட்டினால் 6.8. மணல் எப்படி நேரத்தை விழுங்குகிறது, பாருங்கள்.

அடுத்தது மணலுக்குப் பயந்தவரின் வழி. இறுகிய நிலத்திலேயே 600 மீற்றர் கிழக்கே போய், பனைக்கு நேர் எதிரே மணலில் இறங்குகிறார். இறுகிய நிலத்தில் 671 மீற்றர். மணலில் ஆகக் குறைந்த 300 மீற்றர். நேரம் 6.28 நிமிடம். நேர்வழியைவிடத் தூரம் 120 மீற்றருக்குமேல் கூடியது. நேரமோ அரை நிமிடம் மிச்சம்.

இதைவிடவும் நல்ல வழி உண்டா? 500 மீற்றரில் இறங்கிப் பார்ப்போம். இறுகிய நிலத்தில் 583 மீற்றர், 2.33 நிமிடம். மணலில் 316 மீற்றர், 3.79 நிமிடம். மொத்தம் 6.13. பயந்தவரைவிட இவர் ஒன்பது செக்கன் முந்தி. நேரே போனவரைவிட நாற்பது செக்கன் முந்தி. அப்பு திரும்பியதும் இப்படியோர் இடத்தில்தான்.

இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டபோது நான் எதிர்பாராத ஒன்று தட்டுப்பட்டது. 450 மீற்றரில் இறங்கினாலும் 560இல் இறங்கினாலும் நட்டம் நான்கு செக்கனைத் தாண்டவில்லை. சரியான புள்ளியில் திரும்ப வேண்டும் என்று நிலம் கட்டாயப்படுத்துவதில்லை. நூறு மீற்றர் அகலத்துக்கு மன்னித்து விடுகிறது. உண்மைத் தடத்தின் வளைவு முழங்கைபோல் மடங்காமல் சோம்பலாக வளைந்து போவதற்கு இது ஒரு காரணம்.

நடப்பவருக்கு என்ன? இறுகிய நிலத்தில் மணிக்கு 5 கிலோமீற்றர், மணலில் மூன்றரை என்று வைப்போம். அவருடைய காலுக்கு மணல் அவ்வளவு பகையல்ல. அவருக்கு உகந்த இடம் 400 மீற்றரில் வருகிறது. ஆனால் பன்னிரண்டு நிமிட நடையில் அந்த வளைவு மிச்சம் பிடித்துக் கொடுப்பது பதினொரு செக்கன். பதினொரு செக்கனுக்காக யார் சுற்றுவார்? நடப்பவர் பனையைப் பார்த்து நேரே போய்விடுவார். ஒரே தரவையில் காலடித் தடம் ஒன்றும் சைக்கிள் தடம் ஒன்றும் பிரிந்து போவதைக் கண்டிருப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள். அவர்களுடைய நிலம்தான் வேறு.

பாரம் ஏறினால் வளைவும் கூடும். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், மீன் பெட்டியும் விறகும் நெல் மூட்டையும் நோயாளியும் சைக்கிள் கரியரில்தான் போக வேண்டியிருந்தது. கரியரில் ஒரு மூட்டை ஏறியதும் மணலில் வேகம் இன்னும் விழும். இறுகிய நிலத்தில் அவ்வளவாக விழாது. மூட்டைக்காரர் வெறும் கரியர்க்காரரைவிடத் தள்ளிப் போய்த்தான் திரும்புவார்.

ஒளிக்கு யார் சொன்னது?

தண்ணீர் வாளிக்குள் விட்ட தடி முறிந்ததுபோல் தெரிவதற்குக் காரணம் ஒளி திரும்புவது. காற்றில் விரைந்து வருகிற ஒளி தண்ணீரில் மெதுவாகிறது. எல்லையில் திசை மாறுகிறது. இலங்கைப் பாடநூல் இதை ஒளிமுறிவு என்கிறது, தமிழ்நாட்டுப் பாடநூல் ஒளிவிலகல் என்கிறது. நான் முறிவின் கட்சி. தரவைத் தடத்தைப் பார்த்தவன் அதை விலகல் என்று சொல்ல மாட்டான்.

1662இல் பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்த பியர் த ஃபெர்மா, ஒளியின் முறிவுக்கு ஒரு விளக்கம் சொன்னார். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒளி போகிற வழி, ஆகக் குறைந்த நேரம் எடுக்கிற வழி. இதை இழிவுநேரக் கொள்கை என்போம். இழிவு என்றால் இங்கே ஆகக் குறைந்தது. நாம் மேலே போட்ட அதே வகைக் கணக்கு ஒளிக்கும் பொருந்தும். காற்று இறுகிய நிலம், தண்ணீர் மணல். அவ்வளவுதான் மாற்றம்.

மெய்யியலாளர் டேக்கார்ட்டின் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. எந்த வழி விரைவானது என்று புறப்படும்போதே ஒளிக்கு எப்படித் தெரியும், இயற்கை உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறதா என்று மடக்கினார்கள். நியாயமான கேள்வி. ஒளி அலையாக எல்லா வழிகளாலும் பரவுகிறது, இழிவு நேர வழியையொட்டிய அலைகள் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, மற்றவை தமக்குள் அழிந்துபோகின்றன என்ற மறுமொழி உருப்பெறப் பிறகும் நெடுங்காலம் பிடித்தது.

எறும்பிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சிறு நெருப்பெறும்புகளை வழுவழுப்பான தளமும் கரடான தளமும் ஒட்டியிருக்கும் இடத்தில் விட்டுப் பார்த்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. எறும்புச் சாரி எல்லையில் முறிந்தது. தூரம் குறைந்த வழியை விட்டு நேரம் குறைந்த வழியின் பக்கம் அது சாய்ந்திருந்தது. எறும்புக்கும் கணக்குத் தெரியாது. முன்னால் போனது விட்ட மணத்தைப் பின்னால் வருவது பிடிக்கிறது. நன்றாக ஓடக்கூடிய வழியில் மணம் சேர்கிறது. மற்ற வழியில் ஆறிப்போகிறது.

அப்புவுக்கும் ஃபெர்மாவைத் தெரியாது. தரவையின் பாதையை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. அவர் வரும்போதே அது அங்கே கிடந்தது.

யாரும் வெட்டாத பாதை

மாரி முடிந்து நிலம் முழுதாகக் காய்வதற்கு முன், யாரோ ஒருவர் தரவைக்குக் குறுக்கே சைக்கிளை விடுகிறார் என்று நினையுங்கள். ஈரக்களிக்குள் காற்றும் நீரும் நிற்கிற நுண்துளைகள் நிறைய இருக்கும். சக்கரம் அவற்றை நசுக்குகிறது. அடுத்த சக்கரம் அதே கோட்டில் வந்தால், முதல் சக்கரம் பட்ட பாட்டைப் படத் தேவையில்லை. நிலம் இறுகுவதில் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே முடிந்துவிடும். பிறகு வருகிறவர்களுக்கு அது ஏறக்குறைய இலவசம்.

புல்லுக்கு நடப்பது வேறு. புல்லின் வளர்நுனி தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. மாடு மேலே கடித்தாலும் அடியிலிருந்து திரும்ப வருவதற்கு அதுவே காரணம். சக்கரம் அமுக்குவது அந்த அடியை. கோடிக் கணக்கான வாய்களைத் தாக்குப்பிடிக்கிற அறுகு, ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு நெருப்புப்பெட்டிக்குத் தோற்கும். புல் தோற்ற இடத்தில் சக்கரம் இன்னும் இலகுவாக ஓடும். இலகுவாக ஓடுவதால் இன்னும் பலர் வருவார்கள். விளைவே காரணத்துக்குத் தீனி போடுகிற இந்தச் சுற்றைப் பின்னூட்டல் என்பார்கள். அந்தத் தடத்தை எவரும் வெட்டவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் மிதித்திருக்கிறார்கள்.

இதனால் பழைய பிழையும் நிலைத்துவிடும். என்றோ ஒரு பற்றை நின்ற இடத்தைச் சுற்றி வளைந்த தடம், பற்றை பட்டுப்போன பிறகும் வளைந்தே போகும். நேரே போகலாம், ஆனால் நேரே புல் இருக்கிறது. இல்லாத பற்றைக்கு ஒதுங்கி வழிவிடுகிற சைக்கிள்காரரைப் பார்த்தால் வெளியூர்க்காரர் சிரிப்பார்.

எல்லா வளைவையும் மண்ணின் தலையில் கட்டவும் கூடாது. நெடுந்தீவில் போய்ப் பாருங்கள்: பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகளுக்கு நடுவே ஒழுங்கைகள் முறிந்து முறிந்து போகும். அவை காணி உறுதிகளின் வளைவு. வேலியைத் தாண்டித் தீவின் திறந்த வெளிக்குப் போனபின்தான், காட்டுக் குதிரைகள் மேய்கிற பக்கத்தில், தடங்கள் மண்ணின் சொல்லைக் கேட்கத் தொடங்கும்.

கவட்டை

இரண்டு இடங்களுக்குப் பதிலாக மூன்று இடங்கள் இருந்தால்? தரவையைச் சுற்றி மூன்று குறிச்சிகள். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் ஆட்கள் போய்வருகிறார்கள். நேர்வழி என்றால் முக்கோணமாக மூன்று தடங்கள் விழ வேண்டும். விழுவதில்லை. நடுவில் எங்கோ கூடிப் பிரிகிற ஒரு கவட்டைத்தடி போலத்தான் விழும்.

ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் பல்கலைக்கழக வளாகத்துப் புல்தரையில் மாணவர்கள் தாமாகப் போட்ட தடங்களும் இப்படித்தான் இருந்தன. டேர்க் ஹெல்பிங்கும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் அதைக் கணினியில் போலச்செய்து, 1997இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அவர்களுடைய கணினி மனிதர்களுக்கு இரண்டே ஆசைகள்: போக வேண்டிய திசையில் போவது, ஏற்கெனவே மிதிபட்ட இடத்தில் போவது. புல்லுக்கு ஒரே ஆசை: திரும்ப முளைப்பது. இந்த இழுபறியில் நேர்கோடுகள் மெல்ல ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சேர்ந்துவிட்டன. ஒவ்வொருவரும் கொஞ்சம் சுற்றுகிறார்கள். பதிலுக்கு முழுத் தரவையும் மூன்று தடங்களுக்குப் பதிலாக ஒரு கவட்டையைத்தான் இழக்கிறது.

மாரியில்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கணக்கு முழுக்க மாறும். கோடையில் சக்கரத்துக்குக் கல்லாயிருந்த களி இப்போது ரயரையும் மட்காட்டையும் சேர்த்து அப்பும். கோடையில் பகையாயிருந்த மணல் ஈரத்தில் இறுகி நண்பனாகும். அதே வீடு, அதே பனை, முறிவு மறுபக்கம். மாரித் தடம், கோடைத் தடம் என்று தரவைக்கு இரண்டு இருப்பது அதனால்தான்.

மிதிபட்டு இறுகிய தடம் நீரைக் கீழே விடாது என்பதால், முதலில் குளமாவதும் தடமே. சேற்றுக்குப் பயந்து ஓரத்தால் போவார்கள். ஓரமும் சேறாகும். அடுத்தவர் அதற்கும் ஓரத்தால். ஒரு சாண் அகலத் தடம் இப்படித்தான் வண்டிப் பாதையாய் அகலும்.

பிரித்தானியாவிலும் பாதைகள் இப்படி அகன்றிருக்கின்றன. அங்கே மரமற்ற மேட்டுவெளிகளை 'மூர்' என்பார்கள். நிலம் எங்கள் களியல்ல. உக்கியும் உக்காமலும் செடிகொடி திரண்டு நீரூறிக் கிடக்கிற கரிய மண். கடற்பஞ்சுபோல் இருக்கும். 1965இல் திறந்த பெனைன் நெடும்பாதை, 430 கிலோமீற்றர் வரை நீள்வது, இந்த வெளிகளுக்கு மேலால் போகிறது. நடப்பவர்களின் கால் பட்டே பல இடங்களில் அது கரிய சேற்று ஆறாய் அகன்றது. கடைசியில், இடித்த பருத்தி ஆலைகளின் தரைக் கற்பாளங்களைக் கொண்டுவந்து பதித்தார்கள். சைக்கிளுக்கு அங்கே எல்லா வழியும் திறந்திருக்கவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் விட்டது, நடைபாதைகளில் விடவில்லை. மலைச் சைக்கிள்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற ஒழுக்கம் ஒன்றுண்டு: சேற்றைச் சுற்றாதே, நடுவால் போ. சுற்றினால் பாதை அகலும். விஞ்ஞானப்படி அது சரி. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை உடுப்போடு போகிற பிள்ளையிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

மூடிய தடம்

1991இல் போரால் புங்குடுதீவு இடம்பெயர்ந்தது. சைக்கிள்களில் பல சனத்தோடு தாம்போதியைக் கடந்தன. மிதிப்பதற்கு ஆளில்லாத தரவையில் புல்லின் ஒற்றை ஆசை மட்டும் மிஞ்சியது. முளைத்தது, மூடியது. சில இடங்களில் பற்றையும் ஏறியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சனம் திரும்பியபோது மோட்டார் சைக்கிளும் வந்திருந்தது. அதற்கு மணலும் களியும் சைக்கிளுக்குப்போல் அவ்வளவு பகையல்ல. தார் றோட்டால் சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம் என்பதால் குறுக்கறுக்க வேண்டிய தேவை பலருக்கு இல்லை.

ஆனால் புல் மூடுவது மேலேதான். கீழே நசுங்கிய துளைகள் அவ்வளவு விரைவில் திரும்ப விரியாது. வேர் போகவேண்டும், புழு துளைக்கவேண்டும், களி பல தடவை வெடித்து மூடவேண்டும். அதுவரை அந்தக் கோட்டில் மழைநீர் மற்ற இடங்களைவிடப் பிந்தித்தான் வற்றும்.

ஒரு மாரி ஓய்ந்த காலையில் அப்படியொரு தரவையின் கரையில் நின்று பார்த்தேன். இரவு பெய்தது எங்கும் இறங்கிவிட்டிருந்தது. புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் நீர் மினுங்கிக்கொண்டு நீண்டது. பனையை நோக்கிப் போகாமல் கொஞ்சத் தூரம் இஞ்சாலே வந்து, பிறகு மெல்லத் திரும்பியிருந்தது.